மூன்று தறிக்கு மூன்று செட்

காஞ்சிபுரத்தில் எதையுமே காப்பி அடிக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. இதைப் பொறுப்புடன் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சையில் அடிக்கிறார்கள். கடைக்காரர்கள் எதிர்க்கடையின் போர்டைப் பார்த்து அடிக்கிறார்கள். அரசு ஊழியனான நானே போன வருஷத்து அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி, அதையே இந்த வருஷத்து அறிக்கையாகப் பல வருஷம் மேலிடத்துக்கு அனுப்பிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அட்டைக்காரர் மட்டும் அடித்ததில்லை. இத்தனைக்கும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்வதுதான் அவருடைய தொழில்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு மாடியில் நான் ஒன்பது வருஷம் குடியிருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர் ஆள், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கோயில் வசூலுக்கு வருகிறவர் எல்லோருக்கும் அவர் அட்டைக்காரர்தான். வாடகைப் பத்திரத்தில் பெயர் இருந்திருக்கும். நான் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

பட்டுப்புடவையின் கரையில் மயிலும் அன்னமும் தானாக வந்து உட்காருவதில்லை. தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்பவை ஓட்டை போட்ட அட்டைகள். டிசைன் போடுகிறவர் கட்டம் கட்டமாகக் கிராப் பேப்பரில் வரைந்து கொடுப்பார். அட்டைக்காரர் அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்தி, நூற்றுக்கணக்கான அட்டைகளைக் கயிற்றால் சங்கிலிபோலக் கோத்து ஒரு செட்டாகக் கொடுப்பார். ஒரு கட்டம் தவறினால் மயிலுக்கு மூக்கு இரண்டாகிவிடும். முப்பது வருஷத்தில் அவரால் இரண்டு மூக்கு வந்த மயில் ஒன்றுகூட இல்லை.

ஒருவர் கொடுத்த டிசைனை இன்னொருவருக்கு அடித்துக் கொடுக்க மாட்டார். டிசைனுக்குச் சொந்தக்காரரே வந்து எதிரில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை வைத்து, ‘அடிச்சுக்கோங்க’ என்று வாயால் சொன்னால்தான் நடக்கும். ஒருமுறை கடைக்காரர் ஒருவர் போனில் ஒரு புடவையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, இதேபோல வேண்டும் என்றார். அட்டைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். அது முசரவாக்கத்துக்காரர் ஒருவருக்காக ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே அடித்த செட். கரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. வந்தவருக்கு மோர் கொடுத்தார். மோர் முடியும்வரை பொறுத்திருந்து, முசரவாக்கம் போகும் வழியைச் சொல்லி, கேட்டு வரும்படி அனுப்பிவைத்தார். சொந்த மச்சானுக்கே இப்படி ஒரு டிசைனை மறுத்ததில் அந்த மச்சான் இரண்டு தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. அதில் அக்காவுக்கு, அதாவது அட்டைக்காரரின் மனைவிக்கு, இன்றும் வருத்தம் உண்டு.

இப்படிப்பட்டவர் மின்நூல் படிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்கலாம். நான் கூடவே இருந்து பார்த்தேன்.

நாள் முழுக்கக் கட்டங்களைப் பார்த்த கண் அவருடையது. சாயங்காலம் ஆனால் அச்சிட்ட எழுத்து அவருக்கு எறும்பு வரிசைதான். ஆகவே ஒரு டேப்லெட் வாங்கி, ஒரு தமிழ் மின்நூல் கடையின் செயலியைப் போட்டுக்கொண்டு, எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிவிட்டார். பக்கத்துக்கு நாலு வார்த்தை வந்தது. ஒருநாள் கதை எதுவரை போயிருக்கிறது என்று கேட்டேன்.

“முன்னூத்தி இருபதாவது பக்கம் போய்க்கினு இருக்குது சார். ஹீரோ இன்னும் பஸ்ஸை வுட்டு எறங்கல” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. பஸ் பயணத்தை அவர் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

டேப்லெட் பட்டறையில் இருக்கும். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது படிக்கப் போனில் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொண்டு படிக்க அக்காவின் பழைய போன். ஆக மூன்று கருவிகள். ஒரே நம்பரில் மூன்றிலும் உள்ளே போகலாம், ஒரு தடவை வாங்கினால் மூன்றிலும் வரும் என்று மாடியிலிருந்து இறங்கி வந்து விளக்கினேன். அவர் என்னை ஒரு திருட்டுக்குத் துணைபோகச் சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“மூணு தறி இருக்குதுன்னா மூணு செட்டு அட்டை வாங்கணும் சார். ஒரே செட்டை மூணு பொட்டிக்கும் மாட்ட முடியுமா?”

கம்பெனியே அனுமதிக்கிறது என்றேன். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் தறி தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று நம்பரில் மூன்று கணக்கு வைத்து, ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று தடவை வாங்கினார். அதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. மூன்று கணக்குகளுக்கும் தொடர்பில்லை என்பதால் மூன்றிலும் கதை வேறு வேறு இடத்தில் நின்றது. பட்டறையில் கதாநாயகிக்கு இரண்டு குழந்தைகள். ஷேர் ஆட்டோவில் அவளுக்கு அப்போதுதான் பெண் பார்க்க வருகிறார்கள். மத்தியானப் படுக்கையில் அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். குழப்பமாக இல்லையா என்று கேட்டால், மூன்று தறியிலும் ஒரே அங்குலத்திலா நெய்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார். பெண் பார்க்க வந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று எழுந்து போனவனைப் பற்றி, ‘இவன்தான் பின்னாடி வந்து கட்டிக்கப் போறான், பாவம் இதுக்குத் தெரியல’ என்று ஷேர் ஆட்டோவில் வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் இருந்த பெண்மணி இடம் மாறி உட்கார்ந்த கதையும் உண்டு.

இரவல் விஷயத்திலும் அவர் வழி தனி. மின்நூலை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது என்று செயலி சொல்லிவிட்டது. சரி என்று ஏற்றுக்கொண்டு, டேப்லெட்டையே இரவல் கொடுத்தார். தறியை வாடகைக்கு விடலாம், அட்டையை நகல் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாவலை முடிக்கும்வரை பட்டறையில் அட்டைக்காரர் படிக்க ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டார்.

நான் ஒருமுறை வாட்ஸ்அப்பில் வந்த இலவசப் பிடிஎஃப் ஒன்றை அவருக்கு அனுப்பித் தொலைத்தேன். பத்து நிமிஷத்தில் மாடி ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர், மாடிப்படியை வெறுப்பவர். மூச்சு வாங்க நின்று, என் போனில் அதை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். எழுதியவர் வாயால் சொன்னாரா என்பது ஒன்றுதான் அவர் கேட்ட கேள்வி. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இலவசமாகக் கிடைப்பதை விடச் சொல்கிறவர்மேல் யாருக்குத்தான் வராது?

அந்த மின்நூல் கம்பெனிமேல் அவருக்கு மரியாதை வந்ததற்கும் காரணம் இருந்தது. ஒருதரம் அவருடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. புதுப் போன் வாங்கி, வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“ஒரு செட்டை எலி கடிச்சிட்டா நாங்க கூலி வாங்காம மறுபடி அடிச்சுக் குடுப்போம்மா. நீங்க குடுப்பீங்களா?” என்றார்.

அந்தப் பக்கம் இருந்த பெண், “எலியா சார்?” என்றாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, அதே நம்பரில் உள்ளே போனால் எல்லாப் புத்தகமும் மறுபடி இறங்கும் என்றாள். இறங்கியது. தொழில் தெரிந்தவர்கள்தான் என்று அன்று மாலை முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டார். நகல் எடுக்க விடாமல் புத்தகங்களுக்கு அவர்கள் போட்டிருந்த பூட்டுக்கும் அன்றிலிருந்து அவரிடம் ஒரு மதிப்பு கூடிவிட்டது.

இனி என் கதை வருகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஒரு நாவல் எழுதினேன். ஒரு தாலுகா ஆபீசில் நடக்கும் காதல் கதை. அச்சில் போட யாரும் முன்வராததால் அதே மின்நூல் கடையில் ஏற்றினேன். முதல் வாரத்தில் மூன்று பிரதி விற்றது. மூன்றும் வேறு வேறு கணக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் மதுரை, ஒருவர் கட்டாயம் கல்லூரி மாணவி என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். பிறகு ஒரு பிரதியும் விற்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, அக்காவின் போனுக்குச் சார்ஜர் கேட்டு வந்த அட்டைக்காரர், என் நாவல் மூன்று தறியிலும் நன்றாக ஓடுவதாகச் சொன்னபோதுதான் சிங்கப்பூரும் மதுரையும் கல்லூரி மாணவியும் யாரென்று புரிந்தது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஆடி மாதத்தில் என் லேப்டாப் செத்தது. உள்ளே இருந்தது எதுவும் திரும்பி வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று ஆபீசில் எல்லோருக்கும் உபதேசம் செய்கிறவன் நான். என் நாவலை ஒரு இடத்தில்கூட எடுத்து வைக்கவில்லை. போகட்டும், மின்நூல் கடையில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஆவணி பிறந்ததும் கடையிலிருந்து எல்லோருக்கும் ஒரு செய்தி வந்தது. இந்த ஆகஸ்ட் மாதத்தோடு செயலி நிறுத்தப்படுகிறது, வாங்கிய புத்தகங்களை அதன்பின் திறக்க முடியாது, தங்கள் புரிதலுக்கு நன்றி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்கள்.

எழுத்தாளர் கணக்கில் நுழைந்து பார்த்தேன். கோப்பைத் திரும்ப எடுக்க வழி இல்லை. விற்பனையையும் நிறுத்திவிட்டதால் நானே ஒரு பிரதி வாங்கவும் முடியவில்லை. எழுதிய மெயில்களுக்கெல்லாம் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. ஐந்து வருஷம், தினமும் ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய நாவல். நல்ல நாவல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுதியது அது ஒன்றுதான். உலகத்தில் அது மிச்சம் இருந்தது அட்டைக்காரர் வீட்டு மூன்று திரைகளில் மட்டுமே. அதற்கும் இன்னும் பன்னிரண்டு நாள்தான் ஆயுசு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவரிடம் விசாரித்தேன். டேப்லெட்டைக் கொண்டு வந்தால் பூட்டை உடைத்துப் புத்தகத்தை வெளியே எடுத்துவிடலாம் என்றார். ஓட்டமாக வந்து அட்டைக்காரரிடம் டேப்லெட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மடியில் இருந்த டேப்லெட்டை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“என் புஸ்தகம் அண்ணா அது. நான் எழுதினது” என்றேன்.

“புக்கு உங்களுதுதான் சார். பூட்டு உங்களுதா?”

திரையைப் படம் பிடித்தால் செயலி கறுப்பாகத்தான் காட்டும். அதனால் என் போனால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன். போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் முப்பது வருஷமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். உங்கள் நேர்மைக்கு என் நாவல்தான் பலியா, கம்பெனிக்காரன் கடையை மூடிவிட்டுப் போகிறான், நீங்கள் அவன் பூட்டுக்குக் காவல் நிற்கிறீர்கள் என்றெல்லாம். படியேறும்போது திரும்பி, “நீங்களே வெச்சுக்கோங்க. என்ன வேணா பண்ணிக்கோங்க. மூணு செட்டோட இன்னும் பத்து செட்டு அடிச்சுக்கோங்க” என்று கத்திவிட்டு வந்தேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

மறுநாள் பட்டறை திறக்கவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு எல்லாத் தறியும் ஓடும் நேரம். கதவில் ‘அட்டை இல்லை’ என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. முசரவாக்கத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார். இன்னொருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அக்காவிடம் சொல்லிவிட்டே போனார். அவரோடு பேச்சு இல்லாததால் நான் விசாரிக்கவில்லை. மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ, நான் பேசிய பேச்சோ என்று உள்ளே அரித்தது. ஆனாலும் ரோஷம் விடவில்லை. மாடியில் உட்கார்ந்து நாவலை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் மூன்று பத்தி வந்தது. அதற்கு மேல் என் நாவல் எனக்கே ஞாபகம் இல்லை. அதைப் படித்தவர் ஒருவர் இருக்க, எழுதியவனுக்கு மேற்கொண்டு ஒரு வரியும் வரவில்லை என்று அவமானமாக இருந்தது.

மின்நூல் கடை மூடுவதற்கு முந்தின நாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அட்டைக்காரர் இரண்டு கையாலும் ஒரு மூட்டையை அணைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்கா இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்து அவிழ்த்தார்கள். கிராப் பேப்பர். கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, நீல மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் என் நாவல். ஒவ்வொரு தாளுக்கும் மேலே நம்பர். எல்லாத் தாளையும் ஓரத்தில் ஓட்டை குத்தி, அட்டை செட்டைக் கோப்பதுபோலக் கயிற்றால் கோத்திருந்தார்.

நான் ஆபீஸ் பையைக் கீழே வைத்தேன். பத்து நாளும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்து எழுதினார் என்று அக்கா சொன்னார். கண்ணுக்கு எட்டாது என்பதால் பக்கத்துக்கு நாலு வார்த்தையாகவே வைத்துக்கொண்டு, நாலு வார்த்தை எழுதி ஒரு பக்கம் தள்ளி, நாலு வார்த்தை எழுதி ஒரு பக்கம் தள்ளி, அப்படியே முழுசையும்.

பூட்டு கம்பெனிக்காரனுடையது என்றீர்களே என்று கேட்டேன். அது கேட்க வேண்டிய நேரமில்லைதான். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“பூட்டை நான் தொடல சார். கண்ணால பாத்துக் கையால அடிச்சேன். நீங்கதான் படியில நின்னு அடிச்சுக்கோன்னு வாயால சொன்னீங்க. வெத்தல தட்டு வெக்கல, பரவால்ல.” கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார். “கம்பெனிக்கு போன் பண்ணேன். கடைய மூடறவன் டிசைனை ஓனர் கையில குடுத்துட்டுதாம்மா மூடணும், எங்க ஊர்ல அப்டிதான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அதுக்கு வழி இல்லைங்குது. அவன் குடுக்கலன்னா செட்டு எவன்கிட்ட இருக்குதோ அவன் குடுக்கணும். உலகத்துலயே மூணு செட்டுதான். மூணும் எங்க வூட்ல இருக்குது. நான் வுட்டா யாரு குடுப்பா?”

நான் தாள்களைப் புரட்டினேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் சில கட்டங்களைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘அப்பா மூணாவது அத்தியாயத்துலயே செத்துட்டாரு, இங்க உக்காந்து இட்லி சாப்பிடறாரு’ என்று எழுதியிருந்தது. ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன்.

“டிசைன்ல தப்பு இருந்தா தப்போடதான் அடிக்கணும். திருத்தறது ஓனர் வேலை” என்றார்.

கதை எப்படி இருந்தது என்று கேட்கும் தைரியம் அப்போதுதான் வந்தது. அட்டை அடிக்கும்போது கட்டத்தைத்தான் பார்ப்பேன், டிசைனைப் பார்த்தால் கை தவறிவிடும் என்றார். ஆனால் அக்கா சிரித்துக்கொண்டு, கடைசி நாள் கடைசித் தாளில் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். கண்ணில் மை பட்டுவிட்டது என்றார் அவர். நான் அவர் காலைத் தொட்டேன். பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, முழங்காலில் இடித்துக்கொண்டார்.

அன்று ஆபீசுக்கு லீவு போட்டேன். பட்டறைக் கதவில் இருந்த சுண்ணக்கட்டி எழுத்தை நானே ஈரத்துணியால் துடைத்தேன். முசரவாக்கத்துக்காரரிடம் வண்டியில் போய் மன்னிப்புக் கேட்டு, அவர் ஆர்டரைத் திரும்ப வாங்கிவந்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டவர் பார்த்துக்கொண்டதுதான், அவர் வரவில்லை. அதைப் பற்றி அட்டைக்காரர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாவலைத் தட்டச்சு செய்தேன். அப்பாவை மூன்றாம் அத்தியாயத்தில் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டேன். அது இப்போது வேறொரு கடையில், பூட்டு எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் எந்தக் கருவியிலும் படிக்கும்படி இருக்கிறது. அச்சிலும் கொஞ்சம் வந்தது. எனக்கு வேலூருக்கு மாற்றலாகி மூன்று வருஷம் ஆகிறது. வீடு மாறும்போது பழைய பேப்பர்க்காரரிடம் நிறையப் போட்டேன். அந்த இரண்டு மூட்டையை மட்டும் லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

எப்போதாவது மனம் சரியில்லாத நாளில் கயிற்றை அவிழ்த்துப் பத்துத் தாள் படிப்பேன். அச்சில் படித்தால் எனக்கே கொட்டாவி வரும் கதை அது. அவர் கையெழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.